போர்வையில் தைத்த வேதம்



அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837-ல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். துணித்துண்டுகளை உருவங்களாக வெட்டி, ஏதேன் தோட்டம், யாக்கோபின் ஏணி, கர்த்தருடைய இராப்போஜனம் முதலிய காட்சிகளை 11 கட்டங்களில் ஒரு போர்வையின்மேல் வைத்துத் தைத்தார். 1886-ல் ஏதென்ஸ் நகரக் கண்காட்சியில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை விலைகேட்டும் அவர் கொடுக்கவில்லை. பின்பு வறுமை நெருக்கவே, 5 டாலருக்கு விற்றார். ஆயினும் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கினார். ஆசிரியை அதை எழுதிவைத்தார். இன்று அப்போர்வை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

வெளிச்சம் சாயத்தை மங்கச்செய்யும்; ஒரே மடிப்பு நூலை அறுக்கும். ஆகையால் உங்கள் பாட்டியின் போர்வையை வெள்ளைப் பருத்தித் துணியில் பொதிந்து, மடிப்பை மாற்றி மாற்றி வையுங்கள். அத்துடன் தேவன் உங்கள் குடும்பத்தை நடத்திவந்த விதத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். துணியைப் பெட்டி காக்கும். சாட்சியை நாவே காக்கவேண்டும்.