வீட்டிலேயே ஜெல் நெயில் ஆர்ட்: அந்தச் சின்ன பாட்டிலுக்குள் என்ன இருக்கு?

ரீல்ஸைத் திறந்தால் இப்போது நகங்கள்தான். அதுவும் கல் பதித்த, பளபளா நகங்கள் இல்லை. பால் நிறம், லேசான ரோஸ், நுனியில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. ஆபீஸுக்கும் போட்டுப் போகலாம், சாயங்காலம் நண்பர்களோடு ஹேப்பி ஹவருக்கும் அப்படியே கிளம்பலாம். யாரும் திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இந்த 'சிம்பிள்' ஸ்டைலோடு இன்னொன்றும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுதான் ஜெல் கிட். பார்லரில் சில முறை கொடுக்கும் காசுக்கு பாட்டில், விளக்கு எல்லாம் சேர்ந்து ஆன்லைனில் கிடைக்கிறது. பல வீடுகளில் அக்கா வாங்கியதைப் பள்ளி போகும் தங்கையும் போட்டுக்கொள்கிறாள்.

சரி, இதுல என்ன பிரச்சினை? சாதாரண நெயில் பாலிஷ் வேறு, ஜெல் வேறு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. கவனம் எங்கே தேவை என்பதும் அதைப் பொறுத்துத்தான்.

காய்வது வேறு, கெட்டியாவது வேறு

சாதாரண பாலிஷில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் போன்ற ஒரு பிசின், நிறமி, இவற்றைக் கரைத்து வைத்திருக்கும் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற திரவங்கள். நகத்தில் பூசியதும் திரவம் ஆவியாகிப் போய்விடும், பிசின் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை, ஆவியாகும் திரவத்தின் வாசனைதான்.

ஜெல் தானாகக் காயாது. ராத்திரி முழுக்க வைத்திருந்தாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதில் இருப்பவை மெத்தாக்ரிலேட் வகை மூலக்கூறுகள். விளக்கின் யுவி-ஏ ஒளி பட்டதும் அவை ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். பல் டாக்டர் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டுவாரே, கிட்டத்தட்ட அதே வேதியியல்தான்.

முழுசாக இறுகிய ஜெல் பொதுவாகத் தொல்லை தராது. வில்லன், இறுகாமல் மிஞ்சும் ஜெல். மேலே தொட்டால் கல் மாதிரி இருக்கும், அடியில் பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும். தடிமனாகப் பூசினால் இப்படி ஆகலாம். ஒரு நிறுவனத்தின் ஜெல்லுக்கு இன்னொரு நிறுவனத்தின் விளக்கைப் பயன்படுத்தினாலும், கட்டை விரலைச் சாய்த்து வைத்து ஒளி சரியாகப் படாமல் போனாலும் இதே கதைதான். பார்லரில் பயிற்சி பெற்றவர் கவனிக்கும் விஷயங்கள் இவை. வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்யும்போது தவறிப்போவதும் இவைதான்.

ஒருமுறை வந்தால் போகாத அலர்ஜி

இறுகாத ஜெல் தோலில் படும்போது சிலருக்கு அலர்ஜி தொடங்குகிறது. ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் இதில் முக்கியக் குற்றவாளி. மிகச் சின்ன மூலக்கூறு என்பதால் தோலுக்குள் எளிதாகப் புகுந்துவிடும்.

முதல் தடவையே தெரியாது. பத்து தடவை நன்றாகவே இருக்கும். பதினோராவது தடவை நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். நகம் சதையிலிருந்து தூக்கிக்கொள்ளவும் செய்யலாம். விரலால் முகத்தைத் தொடுகிறோம் அல்லவா? அதனால் கண் இமை, கழுத்து, கன்னத்தில் தடிப்பு வருவதும் உண்டு. 'கண்ணில் ஏதோ அலர்ஜி' என்று க்ரீமை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு, காரணம் நகத்தில் இருக்கிறது என்று தோன்றவே தோன்றாது.

இந்த அலர்ஜி வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஜெல் போடுவதை நிறுத்தினால் தடிப்பு அடங்கிவிடும். ஆனால் அக்ரிலேட் குடும்பம் நெயில் ஆர்ட்டோடு முடிவதில்லை. பல் அடைக்கும் பொருளில் இருக்கிறது, மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமென்ட்டில் இருக்கிறது, சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சில குளுக்கோஸ் சென்சார்களின் பசையிலும் இருக்கிறது. இருபது வயதில் விளையாட்டாகப் போட்ட நகப்பூச்சு, அறுபது வயதில் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய தகவலாக மாறிவிடலாம்.

பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம், ஹெமா உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறை பயன்பாட்டுக்கு மட்டும் என்று 2020-ல் விதி கொண்டுவந்தது.

'அப்போ ஹெமா ஃப்ரீ என்று எழுதியதை வாங்கினால் போதுமா?' முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஹெமாவுக்குப் பதில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மெத்தாக்ரிலேட் இருக்கலாம். அதுக்கும் அலர்ஜி வரலாம். பொருட்களின் பட்டியலே இல்லாத பாட்டிலை வாங்காமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு.

டிபிஓ தடை: பயப்படணுமா?

'ஐரோப்பாவில் ஜெல் பாலிஷைத் தடை செய்துவிட்டார்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். அது பாதி உண்மை. தடை செய்யப்பட்டது ஜெல் பாலிஷ் இல்லை. அதில் ஒளியைப் பிடித்து இறுகும் வேலையைத் தொடங்கிவைக்கும் டிபிஓ என்ற ஒரு பொருள். 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகு சாதனங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

விலங்குகளில் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் அது இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று அங்கே வகைப்படுத்தப்பட்டது. அப்படி வகைப்படுத்தினால் அழகு சாதனத்தில் தடை என்பது அங்குள்ள விதி. நகத்தில் போட்ட மனிதர்களுக்குப் பாதிப்பு வந்தது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. டிபிஓ இல்லாத ஜெல்களும் சந்தையில் இருக்கின்றன. லேபிளைப் படித்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். போட்டதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

விளக்கு என்ன செய்யும்?

'என்னிடம் இருப்பது எல்இடி விளக்கு, யுவி இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். ஜெல்லுக்கான எல்இடி விளக்குகளும் யுவி-ஏ கதிரைத்தான் வீசுகின்றன. வெயிலில் தோல் முதுமையடையக் காரணமான அதே வகைக் கதிர்.

அமெரிக்காவின் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த விளக்கின் கீழ் 20 நிமிடம் வைத்த செல்களில் 20 முதல் 30 சதவீதம் இறந்தன. எஞ்சியவற்றின் டிஎன்ஏவிலும் சேதம் தெரிந்தது. ஆனால் அவை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள். நம் கையில் மேல்தோல் என்று ஒரு கவசம் இருக்கிறது. வீட்டில் ஒரு கைக்கு ஆகும் நேரமும் சில நிமிடங்கள்தான். விளக்கால் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொல்லும் வழி எளிது: எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் கையில் தடவுங்கள், அல்லது விரல் நுனி மட்டும் திறந்த அடர்நிறக் கையுறையைப் போடுங்கள். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் மாதிரி, தோலை ஒளிக்குக் கூச வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் விளக்கைத் தவிர்ப்பது நல்லது.

பிய்த்து எடுக்கவே கூடாது

ஓரத்தில் ஜெல் லேசாகத் தூக்கினால் கை சும்மா இருக்காது. அப்படிப் பிய்க்கும்போது ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்குகளும் சேர்ந்து வரும். நகம் மெலிந்துபோகக் காரணம் பல நேரம் ஜெல் இல்லை, இந்தப் பிய்த்தல்தான். கை விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போன நகம் முழுசாக மாற ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்.

சரியான வழி: மேல் பளபளப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். தானாக இளகும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்; அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

கொரோனா காலத்தில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நம் வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்டது. அது விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ஆக்ஸிஜன் அளவைக் கணக்கிடுகிறது. நகத்தில் அடர் நிறம் இருந்தால் அளவு மாறிக் காட்டலாம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் நகப்பூச்சை எடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். சாதாரண பாலிஷ் ஒரு நிமிடத்தில் போய்விடும், அவசரத்தில் ஜெல்லை எடுப்பது கஷ்டம். ஆபரேஷன், பிரசவத் தேதி தெரிந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நர்ஸிங் படிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, இயற்கை நகமும் குட்டையாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கை சுத்த வழிகாட்டுதல்.

விளக்கே இல்லாமல் அதே லுக்

சிம்பிள் டிசைனுக்கு ஜெல் அவசியமே இல்லை. சாதாரண பாலிஷிலேயே இதெல்லாம் வரும்:

* நகத்தின் அடியில் இருக்கும் மெல்லிய தோலை வெட்டாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் காக்கும் அடைப்பு அதுதான். வெந்நீரில் நனைத்து, மெதுவாகத் தள்ளிவிட்டால் போதும்.
* முதலில் பேஸ் கோட், பிறகு நிறம் இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியில் டாப் கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடம் விடுங்கள். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் காயாது, சுருங்கும்.
* தூரிகையால் நகத்தின் நுனி விளிம்பையும் ஒரு இழுப்பு இழுங்கள். சீக்கிரம் உரியாது.
* புள்ளிக்கு ஹேர்பின் முனை அல்லது பல்குச்சி போதும். நுனிக் கோட்டுக்கு செலோ டேப்பை ஒட்டி வைத்துப் பூசலாம்.
* தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும், உள்ளே கெட்டியாக இன்னும் பல மணி நேரம் ஆகும். சாயங்காலம் வெளியே போக வேண்டுமானால் முந்தின ராத்திரியே போட்டுவிடுங்கள்.

இன்னும் எளிய வழி நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மருதாணி இலையை அரைத்து விரல் நுனியில் தொப்பி வைப்பார்களே, அதுவும் நெயில் ஆர்ட்தான். அதிலுள்ள லாசோன் என்ற நிறமி நகத்தின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். தோலில் சில நாளில் மங்கிவிடும், நகத்தில் வளர்ந்து போகும்வரை இருக்கும். கடையில் 'கறுப்பு மெஹந்தி' என்று விற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் கலக்கப்படும் ஹேர் டை ரசாயனம் கடும் அலர்ஜி தரக்கூடியது.

எப்போது டாக்டரிடம் போகணும்?

நகத்தைச் சுற்றி அரிப்பு, கொப்புளம், விரல் நுனியில் வெடிப்பு, நகம் தூக்குதல், இமையில் காரணம் தெரியாத தடிப்பு. இதில் எது வந்தாலும் ஜெல்லை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். வேறு பிராண்டை மாற்றிப் பார்ப்பது பிரச்சினையைப் பெரிதாக்கும். பேட்ச் டெஸ்ட் மூலம் எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கலாம். போகும்போது வீட்டில் இருக்கும் கிட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், லேபிளைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அலர்ஜி உறுதியானால் அதை எழுதி வாங்கி, பல் டாக்டர் உட்பட இனி பார்க்கும் எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள்.