பதினாறு வயசுக்கு யார் சொல்லித் தருவது?

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காட்டு வேலைக்குப் போகிற அப்பாவும் அம்மாவும் தூக்குவாளியோடு ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களில் இறங்குவார்கள். வீடு திரும்ப இருட்டிவிடும். காய் எடுக்கும் பருவத்தில் சிலர் மலையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. பிள்ளைகள் அப்பத்தா வீட்டிலோ விடுதியிலோ இருப்பார்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஒருவரைப் பிடித்துப்போவதும், பேசிப் பழகுவதும், சண்டை போட்டு அழுவதும் பெரியவர்கள் கண்ணில் படாத இந்த நேரத்தில்தான் நடக்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கூலி மலையில் இருக்கிறது, அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் வீட்டில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் போனைப் பிடுங்குவார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள். "எவன் கையிலயாச்சும் புடிச்சுக் குடுத்திருவோம்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகாமல் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வராது. சாதி வேறு என்றால் பேச்சு அரிவாள் வரைக்கும் போகும். 1989-இல் சாதிக் கலவரத்தைப் பார்த்த ஊர் இது. இங்கே இரண்டு பிள்ளைகளின் பழக்கம் இரண்டு தெருக்களின் பகையாக மாற அதிக நேரம் ஆகாது.

பிள்ளைகள் ஓடிப்போனால் போலீஸ் வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழே உள்ளவரின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. பத்தொன்பது வயதுப் பையன் சிறைக்குப் போவான், பதினேழு வயதுப் பெண் காப்பகத்துக்குப் போவாள். வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பில் எழுதினார். மேற்கு வங்கத்தில் பதினான்கு வயதில் ஓர் ஆணோடு வீட்டைவிட்டுப் போன ஒரு சிறுமியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதம், குற்றம் உறுதியானபோதும் அந்த ஆணுக்குத் தண்டனை விதிப்பதில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சமூகமும் குடும்பமும் சட்ட அமைப்பும் அவளைக் கைவிட்டுவிட்டன என்பதை அது வேதனையோடு பதிவு செய்தது. இந்தச் சட்டத்தில் ஒரு வரியைக்கூட நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை.

உறவை எப்படி நடத்துவது என்றும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. "காதலிக்காதே" என்ற அறிவுரை யாரையும் தடுத்ததில்லை. "எங்க இருக்க, யார்கூட இருக்க, லைவ் லொகேஷன் போடு" என்று கேட்பது அக்கறையா, அதிகாரமா என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பாஸ்வேர்டைக் கேட்பவனிடம் தர மறுப்பது துரோகமல்ல என்று தெரிய வேண்டும். "பேசலேன்னா கையை அறுத்துக்குவேன்" என்று மிரட்டினால் பதறி அடிபணியாமல் ஒரு பெரியவரிடம் சொல்லத் தெரிய வேண்டும். அனுப்பிய படம் திரும்பி வராது என்பதையும், அதை வைத்து ஒருவன் மிரட்டினால் வெட்கப்பட வேண்டியவன் அவன்தான் என்பதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் பழகி, நம்பவைத்து, படமெடுத்து மிரட்டிய ஒன்பது பேருக்கு 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறை விதித்தது. 2019-இல் முதல் பெண் புகார் கொடுக்கும் வரை எத்தனை பெண்கள் வாயைத் திறக்க முடியாமல் தவித்திருப்பார்கள்!

பையன்களுக்கு இந்தப் பாடம் இன்னும் அவசரம். அவள் பிடிக்கவில்லை என்று சொன்னால் பின்னாலேயே போய் மனசை மாற்றுவதுதான் ஆண்மை என்று பல தமிழ்ப் படங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு இதைப் பற்றிச் சில நாள் பேசினோம், பிறகு விட்டுவிட்டோம். பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் சட்டப்படி தனிக் குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து விலகுவது வேறு, மறுப்பைத் தாங்கிக்கொள்வது வேறு. தோற்றுப்போன உணர்வோடு ஒரு ராத்திரியைக் கடக்க, அழ, நண்பனிடம் சொல்ல அவனை யாரும் பழக்கவில்லை. "ஆம்பளப் பய அழுவியா" என்று கேட்டுத்தான் வளர்த்திருக்கிறோம்.

வகுப்பில் பேசினால் மாறுமா? மாறியிருக்கிறது. ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வில், சில பள்ளிகளில் இரண்டரை ஆண்டுகளாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆண், பெண் சமத்துவம் பற்றி உரையாடினார்கள். மாணவர்களின் எண்ணம் மாறியது. பையன்கள் வீட்டு வேலையில் கைகொடுக்கத் தொடங்கினார்கள். வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில் 11 தலைப்புகள் உள்ளன. மனிதர்களுக்கிடையிலான உறவு, மனநலம், பாலின சமத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் எல்லாம் அதில் இருக்கின்றன. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்பது ஏற்பாடு. அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிடாதீர்கள் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பையன்களையும் பெண்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுங்கள். தனியாகக் கேட்க வேண்டியதைக் கேட்க ஒரு நாளும் ஒதுக்குங்கள்.

பெற்றோர் கூட்டத்தை ஜீப் மலையில் இருக்கும் மத்தியானத்தில் வைத்தால் யாரும் வர முடியாது. தோட்டத்துக்கு விடுமுறையான நாளில் வையுங்கள், அம்மாமார்கள் கட்டாயம் வருவார்கள். பெற்றோரே, பிள்ளை உங்களிடம் வந்து ஒரு பேரைச் சொன்னால், அடிக்கக் கை ஓங்காமல் முழுதாகக் கேளுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத பிள்ளைக்கு, குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய இரண்டு உதவி எண்களும் எப்போதும் தெரிந்திருக்கட்டும்.