தேனீப் பெட்டியும் கோடு கீறும் கருவியும்

கொல்லிமலைத் தேனுக்கு நெடுங்காலமாகப் பெயருண்டு. அங்கே பெட்டியில் தேனீ வளர்க்க விரும்பும் குடியானவர், பெட்டியின் அளவு வழுவாதிருத்தலே முதற் காரியம் என்பதை உணர்தல் வேண்டும்.

1851-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாங்ஸ்டிராத் என்பவர் தேனீ இடைவெளியின் பயனைக் கண்டறிந்தார். சட்டத்திற்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தேனீ நடமாடும் அளவே இடம் விட்டால், அவை அதனை அடைப்பதில்லை. இடம் குறைந்தால் பிசினால் ஒட்டிவிடும். மிகுந்தால் அங்கும் அடை கட்டிவிடும். பின்னர்ச் சட்டத்தைத் தூக்குங்கால் அடை கிழியும், புழுக்கள் நசுங்கும், தேன் வழிந்து எறும்பு சேரும். இந்தியத் தேனீக்கு இவ்விடைவெளி 7 முதல் 9 மில்லிமீட்டர். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றிய நியூட்டன் பாதிரியார் வகுத்த பெட்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

பிசகு நேரும் இடம்

பக்கப் பலகைகளின் இரு முனைகளிலும் காடி எடுத்து முன்பின் பலகைகளைப் பொருத்துவர். இரு காடிகளுக்கும் இடைப்பட்ட தூரமே பெட்டியின் உள்நீளம். இக்கோடு மரத்தின் நாருக்குக் குறுக்கே செல்வது. ஆணிமுனை கொண்ட கருவி நாரைப் பிய்த்துக் கோட்டைச் சிதைக்கும். கத்தி பொருத்திய "கட்டிங் கேஜ்" நாரை அறுத்துச் செல்வதால், உளி நிற்கும் விளிம்பு தெளிவாக அமையும்.

செய்யும் முறை

நன்கு உலர்ந்த பலா மரத்தில் ¾ அங்குலச் சதுரமும் 8 அங்குல நீளமும் உள்ள தண்டு ஒன்று இழைக்க. 2½ அங்குலச் சதுரக் கட்டையில் துளையிட்டு, தண்டு ஆடாமல் நகரும்படி செருகி, பக்கத்தில் ஆப்பு வைத்து இறுக்குக. இரும்பறுக்கும் ரம்பத்தின் முறிந்த பிளேடுத் துண்டைக் கத்தியாகத் தீட்டலாம். தீட்டும்போது அடிக்கடி நீரில் தோய்த்தல் அவசியம். சூடேறி நிறம் மாறின் பதம் கெடும். ஒரு புறமே சரிவு வைத்து, அச்சரிவு கட்டையை நோக்குமாறு தண்டின் முனையருகே சிற்றாப்பினால் பொருத்துக. அப்பொழுது கட்டை பலகையோரத்தை ஒட்டியே செல்லும். சரிவின் தழும்பும் கழிவுப் பக்கத்திலேயே விழும். கத்தி 1/16 அங்குலம் வெளியே நின்றால் போதும்.

கையாளும் முறை

முதலில் கழிவுப் பலகையில் கீறிச் சோதிக்க. பலமாக ஒருமுறை அழுத்தாமல், மெல்ல மூன்று நான்கு முறை இழுக்க. ஒரு முறை வைத்த அளவை மாற்றாமல் எல்லாப் பலகைகளையும் கீறி முடித்தால், ஒரு பெட்டியின் சட்டம் மற்றொன்றிலும் தடையின்றிப் பொருந்தும்.