ஈர்க்குக்கட்டும் எண்கணிதமும்

"இவனுக்குக் கணக்கு ஓடாது" என்று பிள்ளையின் செவிபடவே கூறுதல் நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. எட்டு வயதிற் கேட்ட இத்தீர்ப்பைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை. கல்லூரியில் ஆறாந் தரத்துக்கு வந்துசேரும் மாணவருள், கணிதப் பாடவேளை வந்ததும் முகம் வாடுவோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்தம் அறிவிற் குறையில்லை. எண் அவர்களுக்குப் பொருளாக அறிமுகமாகுமுன் குறியாக அறிமுகமாகிவிட்டது. குறை அங்கேயே தொடங்குகின்றது.

எண்ணுதல் வேறு, எண் வேறு

ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்புவிக்கும் சிறு பிள்ளையைக் கண்டு பெற்றோர் மகிழ்வது இயல்பே. ஆயினும் அது நினைவாற்றலின் வெற்றியேயன்றி எண்ணறிவின் வெற்றி அன்று. சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜீன் பியாஜே, பிள்ளைகளின் எண்ணறிவு பற்றி 1941இல் வெளியிட்ட நூலில் இதனை நன்கு விளக்கினார். இரு வரிசைகளிற் சம அளவான பொருள்களை வைத்து, பிள்ளையின் கண்முன்னரே ஒரு வரிசையைச் சற்று அகலப் பரப்புக. நாலைந்து வயதுப் பிள்ளைகள் பலர், நீண்ட வரிசையிலேயே பொருள்கள் அதிகம் என்பர். பரப்பினாலும் குவித்தாலும் தொகை மாறாது என்ற தெளிவு, கையால் எடுத்தும் வைத்தும் பழகிய பின்னரே வேரூன்றும்.

அமெரிக்க அறிஞர் ஜெரோம் புரூனர், பிள்ளை முதலிற் செய்கையாலும், அடுத்துப் படத்தாலும், பின்னர்க் குறியீட்டாலும் கற்கின்றது என 1966இல் எடுத்துக் காட்டினார். சிங்கப்பூர் 1980களின் தொடக்கத்திலிருந்து தன் ஆரம்பக் கணிதத்தை இவ்வொழுங்கிலேயே அமைத்துக்கொண்டது. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மரியா மொண்டிசோரி அம்மையார், ஒற்றைமணி, பத்துமணிக் கோல், நூறுமணிச் சதுரம், ஆயிரமணிக் கனம் என மணிகளைக்கொண்டே இடப்பெறுமானத்தைக் கற்பித்தார். அம்மணிகளை விலைகொடுத்து வாங்க வேண்டுமென்பதில்லை. முற்றத்துத் தென்னோலையின் ஈர்க்கே போதும்.

கட்டை அவிழ்த்தல்

ஈர்க்குகளை ஒரே அளவாக முறித்து, பத்துப் பத்தாகக் கட்டி வைக்குக. 42இலிருந்து 17ஐக் கழிக்குமாறு கூறின், "இரண்டிலிருந்து ஏழு போகாது" என்று திகைக்கும் பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என எழுதிவிடுவதுண்டு. இப்போது நான்கு கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் அதன் முன் வைக்குக. ஏழு ஈர்க்கை எடுக்க வேண்டுமாயின் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதைப் பிள்ளை தானே காணும். அவிழ்த்தபின் தனி ஈர்க்கு பன்னிரண்டு. அதில் ஏழு போக ஐந்து. எஞ்சிய மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. இதனைக் "கடன் வாங்குதல்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். திருப்பிக் கொடுக்காத கடன் ஏது? இது கட்டை அவிழ்த்தலே.

நமது மொழி இவ்விடத்திற் பெருந்துணை புரிகின்றது. பதின்மூன்று என்னும்போதே பத்தும் மூன்றும் செவியில் விழுகின்றன. ஆங்கிலப் பிள்ளைக்கு இத்தெளிவு கிட்டுவதில்லை. ஆயினும் ஓரிடத்தில் நம் மொழியும் பிள்ளையை மயக்குகின்றது. தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் ஒலிக்கின்றன. ஆதலின் இவ்விரு சொற்களையும் கற்பிக்கும்போது ஒன்பது பத்துக்கட்டுகளையும் ஒன்பது நூற்றுக்கட்டுகளையும் கண்ணெதிரே வைத்தல் நலம்.

நூற்றைந்தை 1005 என எழுதும் பிள்ளையைக் கடிந்துகொள்ளற்க. நூறும் ஐந்தும் எனக் கேட்டவாறே அது எழுதுகின்றது. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி வைத்திருந்த பழந்தமிழ் எண்முறையும் செவிவழியையே தழுவியது. ஒரு நூற்றுக்கட்டையும் ஐந்து தனி ஈர்க்கையும் வைத்து, "பத்துக்கட்டு எங்கே?" என வினவுக. இல்லாத அந்த இடத்தைக் காப்பதே பூச்சியம் என்பது அப்போது விளங்கும்.

பாணும் பின்னமும்

அரை இறாத்தல் பாண் வாங்கக் கடைக்குச் செல்லும் சிறுமி, கால் இறாத்தலைக் கொடுத்தால் ஏற்கமாட்டாள். அவளே வகுப்பில், நான்கு இரண்டிலும் பெரிதாதலின் ½ஐ விட ¼ பெரிது என்பாள். கடையில் உள்ள அறிவு கரும்பலகைக்கு வந்து சேரவில்லை. பாணை வெட்டிக் காட்டி, பங்குகள் கூடுந்தோறும் ஒரு பங்கு சிறுத்தலைக் காணச் செய்க. காலின் பாதி அரைக்கால், அதன் பாதி மாகாணி என்று 1/16 வரை பெயரிட்டு வழங்கிய மரபு நம்முடையது.

சமக்குறியையும் கவனித்தல் வேண்டும். 8 + 4 = □ + 5 என எழுதி வெற்றிடத்தை நிரப்பச் சொன்னால், பலர் 12 என்றே எழுதுவர். "விடையை இங்கே எழுது" என்பதே அக்குறியின் பொருளென அவர்கள் கொண்டுவிட்டனர். இரு தட்டுகளும் சமனாக நிற்கும் தராசைக் காட்டினால் 7 என்பது புலனாகும்.

வாய்ப்பாடு வேண்டாம் என நாம் கூறவில்லை. ஆறு வரிசையில் ஏழேழு புளியங்கொட்டைகளை அடுக்கிக் கண்டபின் மனனஞ் செய்த வாய்ப்பாடு, மறந்தாலும் மீட்டுக்கொள்ளத் தக்கது. காணாது மனனஞ் செய்தது மறந்தால் மறந்ததே.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி வினாத்தாள்களைக் குவிக்கும் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. மாலையிற் கால் மணி நேரம் ஈர்க்குக்கட்டுடன் பிள்ளையின் அருகே அமருக. "விடை என்ன?" என்று கேட்பதற்கு மாறாக, "எப்படிக் கண்டாய்?" என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்குக. விடை சரியானபோதும் அவ்வாறே கேட்குக. இல்லையேல் அக்கேள்வியே தவறென்பதற்கு அடையாளமாகிவிடும்.