லினக்ஸில் அந்த வீடியோ மட்டும் ஏன் ஓடவில்லை?

கணினியில் ஃபெடோரா லினக்ஸைப் புதிதாக நிறுவுகிறீர்கள். யூடியூப் நன்றாக ஓடுகிறது. ஐபோனில் எடுத்த கல்யாண வீடியோவைத் திறந்தால் படம் வரவில்லை. பயப்படாதீர்கள், கணினி பழுதாகவில்லை. சட்டச் சிக்கலுக்கு அஞ்சியே ஒரு துண்டு நிரலைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

எந்தத் துண்டு?

கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்). 2017இலிருந்து ஐபோன்கள் பெரும்பாலும் எச்.இ.வி.சி. என்ற முறையில் வீடியோவைச் சேமிக்கின்றன. அந்த முறைக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை (ஒரு செய்முறையைச் சுமார் 20 ஆண்டு பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை) வைத்திருக்கின்றன.

கட்டற்ற மென்பொருள்தானே, அதற்கு என்ன தடை?

இங்கே இரண்டு உரிமைகள் இருக்கின்றன. நிரலை எழுதியவருக்கு உள்ளது பதிப்புரிமை. அவர் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டால் அது தீர்ந்தது. காப்புரிமையோ செய்முறையின் மீது நிற்கிறது. ஒரு வரிகூடப் பார்க்காமல் நீங்களே புதிதாக எழுதினாலும் அது உங்களைக் கட்டும். ஃபெடோராவுக்குப் பின்னால் இருப்பது ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம். வழக்கு வந்தால் அது மாட்டும், அதனால் ஒதுங்கிக்கொள்கிறது.

பணம் கட்டிவிடலாமே?

அதற்கு எத்தனை பிரதி போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். எச்.264 என்ற பழைய முறைக்கு ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகள் இலவசம். அதற்கு மேல் பிரதிக்குக் கட்டணம். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கும் மென்பொருளில் அந்தக் கணக்கை யார் வைப்பது?

2013இல் சிஸ்கோ நிறுவனம் ஒரு வழி சொன்னது. கட்டணத்துக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. அதைத் தானே கட்டிவிட்டு, ஓப்பன்எச்264 என்ற கோடெக்கை எல்லோருக்கும் தருவதாக அறிவித்தது. நிரல் வரிகளும் திறந்தவை. ஆனால் சிஸ்கோ கட்டும் பணம், சிஸ்கோ விநியோகிக்கும் பிரதிக்கு மட்டும்தான். அதே வரிகளை நீங்களே தொகுத்து விநியோகித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. உதவிதான், ஆனாலும் கடிவாளம் ஒரு நிறுவனத்தின் கையில்.

யூடியூப் மட்டும் எப்படி ஓடுகிறது?

அது விபி9, ஏவி1 என்ற முறைகளையும் பயன்படுத்துகிறது. கூகுள், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் முதலியவை 2015இல் கூட்டுச் சேர்ந்து, கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று 2018இல் வெளியிட்டதே ஏவி1. உரிமைத்தொகை இந்த நிறுவனங்களுக்கும் சுமைதான். அவற்றின் லாபக் கணக்கில் நமக்கும் பயன் கிடைத்தது.

சரி, நான் என்ன செய்வது?

ஃபெடோராவில் ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து விஎல்சி என்ற வீடியோ பிளேயரை நிறுவுங்கள். பெரும்பாலான வீடியோ ஓடிவிடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகை என்றால், நிறுவும்போதே கூடுதல் மீடியா வகைகளுக்கான கட்டத்தில் டிக் செய்யுங்கள். இனி எடுக்கும் வீடியோவுக்கு, ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுங்கள். எச்.264 முறையில் பதிவாகும். கோப்பு மட்டும் பெரிதாகும்.

என் மீது வழக்கு வருமா?

உரிமைத்தொகையைப் பொதுவாகத் தயாரிப்பவரிடமும் விநியோகிப்பவரிடமுமே கேட்கிறார்கள், வீட்டில் படம் பார்ப்பவரிடம் அல்ல. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஆனால் வன்பொருளோடு சேர்ந்த கண்டுபிடிப்பு என்று காட்டி வாங்க இடமுண்டு. எனவே கோடெக் சேர்த்த கருவிகளை விற்பவர்கள், குறிப்பாக அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்பவர்கள், வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நீங்கள் நிரல் எழுதுபவரா? பிறருடைய நிரலை எடுக்கும்முன் உரிமத்தைப் படியுங்கள். அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 உரிமங்கள் இரண்டும், பங்களித்தவர்கள் தங்கள் காப்புரிமையைக் காட்டி உங்களைத் தடுக்க மாட்டார்கள் என்று எழுத்தில் உறுதி தருகின்றன. எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை என்ற பேச்சே இல்லை. நிரலோடு தொடர்பே இல்லாத மூன்றாமவர் வழக்குப் போட்டால் எந்த உரிமமும் காக்காது.