இறக்கி வைக்க இடமில்லாத சுமை

காலை எட்டரை மணிக்குக் காஞ்சிரங்குளம் ஜங்ஷனில் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு வகைச் சுமைகளைக் காணலாம். கடற்கரைப் பக்கமிருந்து மேடேறி வரும் மீன்காரப் பெண்களின் தலையில் அலுமினியச் சருவம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் முதுகில் புத்தகப் பை. சருவம் சுமப்பவள் நிமிர்ந்து நடக்கிறாள். பை சுமக்கும் பிள்ளையோ குனிந்து, தலையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. எடையைப் பார்த்தால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பூவாறு, புல்லுவிளை கடற்கரையிலிருந்து சற்று உள்ளே அமைந்த ஊர் காஞ்சிரங்குளம். பெயரில் நிற்கும் காஞ்சிரம் என்பது வேறொன்றுமில்லை, நம் எட்டி மரந்தான். பெயரில் கசப்பு இருந்தாலும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் குறைவில்லாத ஊர். ஆகவே காலையிலும் மாலையிலும் இங்கே பைகளின் ஊர்வலம் நடக்கிறது. பிள்ளையின் பையைக் கையால் தூக்கிப் பார்த்த எந்தத் தாயும் ஒரு கணம் திகைக்காமல் இருந்திருக்க மாட்டாள். "இத்தனை கனமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கணம் அவளே அதைப் பிள்ளையின் தோளில் மாட்டியும் விடுகிறாள். வேறென்ன செய்வாள், பஸ் வந்துவிடுகிறதே!

தலைச்சுமையின் கணக்கு

முதுகெலும்பு ஒரே எலும்பல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு எலும்புகளின் கோவை அது. அவற்றுக்கு நடுவே, நீர்ச்சத்து மிகுந்த மெத்தை போன்ற வட்டத் தட்டுகள் 23 உள்ளன. நாள் முழுவதும் நின்றும் நடந்தும் சுமந்தும் இந்தத் தட்டுகளிலிருந்து நீர் சிறிது சிறிதாகப் பிழியப்படுகிறது. அதனால் காலையில் இருந்த உயரம் மாலையில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைந்துவிடும். இரவு படுத்து உறங்கினால் திரும்ப வந்துவிடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டியதில்லை.

தலையில் வைக்கும் சுமை இந்தக் கோவையின் நேர்கோட்டில் இறங்குகிறது. உடம்பு முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ சாய வேண்டியதில்லை. சாய்ந்தால் சருவம் விழுந்துவிடும். ஆகையால் சும்மாட்டின்மேல் சுமையேற்றியவர்கள் இயல்பாகவே நிமிர்ந்து நடக்கிறார்கள். கென்யா நாட்டுப் பெண்களைச் சோதித்த விஞ்ஞானிகள் 1986இல் வியப்பான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான சுமையை, வெறுமனே நடப்பதற்கு மேல் கூடுதல் சக்தி செலவாகாமலேயே அவர்களால் தலையில் சுமக்க முடிந்தது. சிறு வயது முதல் பழகிய நடை அது. நாமெல்லாம் நாளைக்கே முயன்றால் வராது.

இதனால் தலைச்சுமை நல்லது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குவதற்கென அமைந்தது கழுத்து. அதன்மேல் ஆண்டுக்கணக்காக மீனும் ஐஸும் நிறைந்த சருவத்தை ஏற்றினால் கழுத்தெலும்புகள் வயதுக்கு முன்பே தேய்கின்றன. தலைச்சுமைக்காரர்களிடம் இந்தத் தேய்மானம் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அதைவிடப் பெரிய ஆபத்து, சுமையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. குனிந்து, திரும்பி, தூக்கும்போதுதான் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் எந்த மீன்காரியும் தனியாகத் தூக்குவதில்லை. வழியில் போகிறவர் யாராயிருந்தாலும் "ஒரு கை பிடியுங்க" என்று கூப்பிட்டுவிடுவாள். கூப்பிட்டபின் பிடிக்காமல் போகிறவரும் இல்லை. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மீன்காரப் பெண்களுக்கென்றே 2021இல் திருவனந்தபுரத்தில் 'சமுத்ரா' என்ற இலவச பஸ்ஸை ஓடவிட்டபோது, அவர்கள் கழுத்துக்குக் கிடைத்த ஓய்வு கொஞ்சமல்ல.

பை செய்யும் வேலை

பள்ளிப் பையின் கதை வேறு. அது முதுகெலும்பின் நேர்கோட்டில் இல்லாமல் அதற்குப் பின்னால் தொங்குகிறது. பின்னுக்கு இழுக்கும் பாரத்தைச் சமன் செய்யப் பிள்ளை இடுப்பிலிருந்து முன்னுக்குச் சாய்கிறது. சாய்ந்தால் பார்வை தரைக்குப் போகும். எனவே எதிரே பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டி, முகத்தை நிமிர்த்துகிறது. காஞ்சிரங்குளம் ஜங்ஷனில் காணும் அந்த 'ஆமைக் கழுத்து' இப்படி வந்ததுதான். பை இடுப்புக்குக் கீழே தொங்கத் தொங்க, இந்தச் சாய்வு இன்னும் கூடும்.

ஒரே தோளில் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். வார் நழுவாதிருக்க அந்தத் தோள் மேலேறுகிறது. உடம்பு எதிர்ப்பக்கம் வளைகிறது. கல்லூரிக்குப் போகும் வயதில் இதுதான் நாகரிகம் என்று கருதப்படுவதால், வீட்டில் சொன்னாலும் எடுபடாது. ஒல்லியான வார் தோள்பட்டையில் அழுந்தும்போது, அங்கே கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையும் அழுந்தக்கூடும். சில பிள்ளைகள் எழுதும்போது விரல் மரத்துப் போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். கனத்த முதுகுப் பையைச் சுமந்து கை பலவீனமான ராணுவ வீரர்களின் கதையை மருத்துவர்கள் நன்கறிவார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில், சுமார் 11 வயதுள்ள 8 பிள்ளைகளுக்கு 4, 8, 12 கிலோ பைகளை மாட்டி, நின்ற நிலையிலேயே காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2010இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பாரம் ஏற ஏற, இடுப்புப் பகுதித் தட்டுகள் அழுந்துவதும் முதுகு பக்கவாட்டில் வளைவதும் படத்தில் தெரிந்தன. 8 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தாய்மார்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதை எந்திரமும் பார்த்துச் சொல்லியிருக்கிறது.

கூன் விழுந்துவிடுமா?

பெற்றோர் மனத்தில் நிற்கும் பயம் இதுதான். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், பை சுமந்ததால் மட்டுமே பிள்ளைக்கு நிரந்தரக் கூனோ முதுகெலும்புக் கோணலோ வந்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை. வளரும் வயதில் தோன்றும் பக்கவாட்டுக் கோணலுக்கு, பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை. ஒரு தோள் மற்றதைவிட எப்போதும் உயர்ந்து நிற்பது, குனியும்போது முதுகின் ஒரு பக்கம் புடைத்துத் தெரிவது போன்ற அறிகுறிகள் இருந்தால் பையைக் குறைசொல்லிக்கொண்டிராமல் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, பையின் எடையே முதுகுவலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றது. ஆனால் அதே கட்டுரையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. பை தனக்குக் கனமாயிருக்கிறது என்று சொன்ன பிள்ளைகளிடம் முதுகுவலியும் கூடுதலாக இருந்தது. தராசு சொல்வதைவிடப் பிள்ளை சொல்வதைக் கேட்பது நல்லது போலும்! பிள்ளை முனகினால் "நாங்கள் சுமக்காத சுமையா?" என்று வாயடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு.

சட்டமும் தராசும்

தலைச்சுமைத் தொழிலாளிக்குக் கேரளத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. ஒருவர் சுமக்கும் எடையின் உச்சவரம்பு முன்பு 75 கிலோவாக இருந்தது, பிற்பாடு 55 கிலோவாகக் குறைக்கப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967இலேயே பரிந்துரைத்த அளவு இந்த 55 கிலோ. தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, கொடி இருக்கிறது. மூட்டை கூடினால் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார்.

பிள்ளைக்காகப் பேச 1989இல் ஒரு நாவலாசிரியர் வரவேண்டியிருந்தது. ராஜ்ய சபையின் நியமன உறுப்பினராயிருந்த ஆர்.கே.நாராயண், தம் கன்னிப் பேச்சில் வேறெதையும் பேசாமல் பள்ளிப் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றியே பேசினார். அதன் விளைவாக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993இல் அறிக்கையும் வந்தது. மூட்டையின் பாரத்தைவிடப் புரியாமல் படிப்பதன் பாரமே பெரிது என்றது அந்தக் குழு. உண்மைதான். ஆனால் அந்த உண்மை பெரிதாகிவிட்டதில் தோள்வலி கொஞ்சம் மறந்தே போயிற்று. 2006இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா சட்டமாகவில்லை. பை, பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் மத்திய அரசின் கொள்கை அறிவித்தது. முதலிரண்டு வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ, பத்தாம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ என்று கணக்கும் கொடுத்தது. பள்ளியில் ஒரு தராசு வைத்துப் பையை நிறுத்துப் பார்க்கவும் சொன்னது.

25 கிலோ எடையுள்ள பிள்ளை 5 கிலோ பையைச் சுமப்பது, 60 கிலோ எடையுள்ள தகப்பனார் 12 கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவதற்குச் சமம். ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும்!

உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் போட்டால்தான் எதைக் குறைக்கலாம் என்பது தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ. பள்ளியில் நல்ல தண்ணீர் கிடைக்குமானால் வெறும் புட்டி போதும். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் மதியச் சோறு உண்டு. அங்கே சாப்பிடும் பிள்ளைக்குச் சோற்றுப் பாத்திரம் எதற்கு? களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2012இல் முப்பருவ முறை வந்தபோது, ஒரு பருவத்துக்கான பாடங்கள் இரண்டு புத்தகங்களில் அடங்கின. கேரளத்திலும் பாடநூல்கள் பாகம் பாகமாகவே வருகின்றன. ஆனாலும் முடிந்த பாகத்தை எடுத்து வைக்காமல் அதையும் சேர்த்துச் சுமக்கிற பிள்ளைகள் உண்டு. தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று மொழிப் புத்தகங்களே நான்காகிவிடும் எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தினமும் பையைக் கொட்டி அடுக்குவது இன்னும் அவசியம். கனத்த புத்தகம் முதுகையொட்டி இருக்க வேண்டும். வார் இரண்டும் அகலமாக, இரு தோளிலும் ஏறியிருக்க வேண்டும். பை இடுப்புக்குக் கீழே தொங்கலாகாது.

கல்லும் மடியும்

தேங்காயும் கருப்பட்டியும் உப்பும் தலைச்சுமையாகச் சந்தைக்குப் போன காலத்தில், தென்திருவிதாங்கூர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. நட்டுவைத்த இரண்டு கற்களின்மேல் குறுக்கே கிடத்திய ஒரு கல். கர்ப்பிணியாய் இறந்த பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது தமிழ் வழக்கம். மலையாளத்தில் அதை அத்தாணி என்பார்கள். அந்தப் பெயரிலேயே கேரளத்தில் ஊர்கள் இருக்கின்றன. அந்தக் கல்லின் உயரத்தில்தான் சூட்சுமம் இருந்தது. குனியாமலே சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். திரும்ப ஏற்றிக்கொள்ள ஒரு கை பிடிக்கவும் ஆள் தேவையில்லை. முதுகு முறியும் அந்தச் சில விநாடிகளை அந்தக் கல் ஏற்றுக்கொண்டது.

நேபாள மலைச் சுமையாட்கள் தங்களைப் போலவே எடையுள்ள கூடையைச் சுமந்து ஏறுவதை ஆராய்ந்தவர்கள் 2005இல் எழுதியதும் இதையே நினைவூட்டுகிறது. அவர்கள் மெதுவாக நடக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் நிற்கிறார்கள். கையில் கொண்டுபோகும் குட்டைக் கழியைப் பின்னால் முட்டுக்கொடுத்து, கூடையை அதன்மேல் இருத்திக்கொள்கிறார்கள். சுமைதாங்கியைக் கையோடு எடுத்துச் செல்கிறார்கள் என்றே சொல்லலாம்.

காஞ்சிரங்குளம் ஜங்ஷனில் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பையைக் கீழே வைப்பதில்லை. தரை அழுக்கு, மழை பெய்தால் சேறு. பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்? பஸ்ஸில் ஏறிய பிறகும் பை முதுகிலேதான். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் பிள்ளையை ஆட்டுகிறது.

ஆனால் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் இன்னும் ஒரு வழக்கம் மிச்சமிருக்கிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி, நிற்கிற பிள்ளையை நிமிர்ந்து பார்த்து, "மக்களே, பையை இங்க தா" என்று கை நீட்டுகிறாள். அவள் யாரோ, பிள்ளை யாரோ. ஏற்கெனவே மடியில் ஒரு பையும் காய்கறிக் கூடையும் இருக்கும். மூன்றாவதும் ஏறுகிறது. பிள்ளை தோளை ஒரு முறை குலுக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நிற்கிறது. இறங்கும் இடம் வந்ததும் பை கைமாறி, மறுபடியும் முதுகில் ஏறுகிறது.