கொள்வோர் முற்றுரிமையும் இந்தியப் போட்டிச் சட்டமும்: பாலாற்றங்கரைத் தோல் தொழிலை முன்வைத்து

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில் பாலாற்றங்கரையில் அமைந்தது விரிஞ்சிபுரம். வழிச்செல்வோர்க்குத் துணையாவார் என்னும் பொருளில் இவ்வூர் இறைவனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். இதற்கு மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு. கிழக்கே மேல்விசாரம், இராணிப்பேட்டை. இந்நெடுக்கில் இயங்கும் சிறு தோல் பதனிடும் கூடங்களுள் பல, சொந்தமாகத் தோல் வாங்குவதில்லை. பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தருகின்றன. காலணியும் அதன் மேற்பகுதியும் தைக்கும் ஆலைகளோ அயல்நாட்டு நிறுவனங்களின் ஆணையை எதிர்நோக்குவன. விற்போர் பலர், கொள்வோர் சிலர். முற்றுரிமை என்றதும் விற்பவனையே எண்ணும் நம் பாடநூல் வழக்கம் ஈண்டுப் பயன்படாது.

1969ஆம் ஆண்டின் முற்றுரிமைத் தடைச் சட்டத்தின் இடத்தில் வந்தது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். அதன் 3, 4ஆம் பிரிவுகள் 2009 மே 20 முதல் நடைமுறையில் உள்ளன. 4ஆம் பிரிவு, விற்பனையில் மட்டுமன்றிக் கொள்முதலிலும் நியாயமற்ற விலையைத் திணிப்பதைத் தடுக்கிறது. ஆயின் முதலில் தொடர்புடைய சந்தையை வரையறுத்து, அதில் மேலாதிக்கத்தை நிறுவ வேண்டும். வியட்நாமிலும் இத்தாலியிலும் காலணி வாங்கும் ஒரு நிறுவனம் அச்சந்தையில் சிறு பங்கே பெற்றிருக்கலாம். அதற்கெனவே இயந்திரமும் அச்சும் அமைத்துக்கொண்ட ஆம்பூர் ஆலைக்கு அதுவே முழுச் சந்தை. மேலாதிக்கத்தை அளக்கும் காரணிகளைப் பட்டியலிடும் 19(4)ஆம் பிரிவு நுகர்வோரின் சார்புநிலையைப் பெயர் சுட்டிக் கூறுகிறது; வழங்குவோரின் சார்புநிலையைக் கூறவில்லை. பிற காரணிகளையும் கருதலாம் என்னும் பொதுவாசகமே அவர்க்கு எஞ்சிய வாயில். ஜெர்மானியப் போட்டிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இச்சார்புநிலையை வெளிப்படையாகவே ஏற்கிறது. சிறுதொழில் மேம்பாட்டுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் பணம் தர 45 நாள் உச்சவரம்பு வகுத்துள்ளது. கூலி எவ்வளவு என்பதில் அது தலையிடாது.

அங்ஙனமாயின் சிறு கூடங்கள் ஒன்றுகூடிக் கூலியை நிர்ணயிக்கலாமா? போட்டியாளர் கூடி விலை வகுத்தால் போட்டிக்குக் கேடு விளைந்ததாகவே 3(3)ஆம் பிரிவு அனுமானிக்கும். சமையல் எரிவாயு உருளை உற்பத்தியாளர் மீது 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. கொள்வோர் மூன்றே எண்ணெய் நிறுவனங்களாயிருக்கும் சந்தையில் விலை ஒத்திருப்பது மட்டுமே கூட்டுச்சதிக்குச் சான்றாகாது என்னும் போக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. கொள்வோர் வலிமையை நீதிமன்றம் கணக்கிற்கொண்ட தீர்ப்பு இது. எனினும் அங்கு உடன்பாடு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது. வெளிப்படையாகக் கூடி வகுத்த கூலிக்கு அத்தீர்ப்பு அரணாகாது.

அதிகம் பேசப்படாத அரண் 3(5)ஆம் பிரிவில் உள்ளது. முற்றிலும் ஏற்றுமதிக்கான பொருள், சேவை பற்றிய உடன்பாடுகளை அது அவ்வளவிற்கு விலக்கி வைக்கிறது. அயல்நாட்டாரிடம் கூடி விலை பேசும் ஏற்றுமதியாளர்க்கு இது நேரே பொருந்தும். உள்ளூர் ஏற்றுமதியாளரின் தோலைப் பதனிடும் கூலிக்கும் பொருந்துமா என்பது ‘முற்றிலும்’ என்ற சொல்லைப் பொறுத்தது. ஏற்றுமதித் தோலும் உள்நாட்டுச் செருப்புக்கான தோலும் ஒரே கூடத்தில் ஒரே கூலிக்குப் பதனிடப்பட்டால் இவ்விலக்கைக் கோருவது கடினம்; இரண்டிற்கும் தனிக் கணக்கும் தனிக் கூலியும் வைத்திருப்பவரே அதனை ஆணையத்தின் முன் எடுத்துரைக்க இயலும்.